தானியங்கித் தரிப்பிடமும் இணையத்தோடு இணைக்கப்பட்ட வாகனச் சேவையும்: வாகனம் எந்தக் கணத்தில் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

கரைச்சி நிரலாளன் எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடியே ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவருக்காக மென்பொருள் எழுதி வருகிறேன். ஓட்டுநர் இறங்கிச் சென்றதும் தானாகவே உள்ளே போய்த் தரித்து நின்று, கேட்கும்போது தானாகவே வாசலுக்குத் திரும்பி வரும் வாகனங்களுக்கான தரிப்பிட மென்பொருள் அது. வாகனத்தைச் செலுத்தும் பகுதியில் எனக்கு வேலை இல்லை. தரிப்பிட நடத்துநரின் சேவர், வாகன உற்பத்தியாளரின் சேவர், உரிமையாளரின் கைத்தொலைபேசிச் செயலி ஆகிய மூன்றும் ஒரே வாகனத்தைப் பற்றி முரணின்றிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே என் பொறுப்பு. செலுத்துவதுதான் கடினம், மற்றதெல்லாம் வெறும் செய்திப் பரிமாற்றம் என்று இத்துறைக்கு வெளியே பலர் நினைக்கிறார்கள். அந்தச் செய்திப் பரிமாற்றத்தில்தான் எங்கள் குழு மாதக்கணக்காகச் சிக்கி நிற்கிறது.

சென்ற வாரம் இங்கே மின்சாரம் தடைப்பட்டு ஃபைபர் இணைப்பும் விழுந்துவிட்டது. சோதனைச் செயலி கைத்தொலைபேசி இணைப்புக்கு மாறிய இடைவெளியில், "வாகனத்தைக் கொண்டு வா" என்ற கோரிக்கைக்குப் பதில் வரவில்லை என்று கருதி, அதையே மறுபடியும் அனுப்பியது. முதல் கோரிக்கை உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கான பதில்தான் வழியில் தொலைந்திருந்தது. தரிப்பிடச் சேவர் இரண்டாவதைப் புதிய கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்த பயணத்தை இரத்துச் செய்தது. முடிவில் செயலி "வாகனம் வந்துகொண்டிருக்கிறது" என்றும், தரிப்பிடம் "ஒப்படைக்கப்பட்டது" என்றும், உற்பத்தியாளர் "தரித்து நிற்கிறது" என்றும் காட்டின. சோதனைக் களம் என்பதால் சேதம் எதுவும் இல்லை. ஆனால் அது உண்மையான வாகனமாகவும் உண்மையான மனிதராகவும் இருந்திருந்தால் எந்தச் சேவரின் சொல்லை நம்புவது?

குழுவில் இரு கருத்துகள் உள்ளன. எல்லோரும் பார்த்து நடக்கும் ஒரே பதிவை மேகக் கணினியில் வைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொருவரும் தத்தம் பதிவை வைத்துக்கொண்டு, நிகழ்வுகளை மட்டும் பரிமாறினால் போதும் என்பது மற்றையது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நெக்கார்க்கரை எழுதியது:

தம்பி, நான் முல்லைத்தீவில் பிறந்து இப்போது ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில் வாழ்பவன். வாகன மின்னணுவியலில் வேலை செய்கிறேன். இந்தத் துறை வளர்ந்த வழியைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

பொஷ் நிறுவனமும் மேர்சிடஸ் பென்ஸும் 2015 இல் இந்த முயற்சியைத் தொடங்கின. ஸ்டுட்கார்ட்டில் உள்ள மேர்சிடஸ் பென்ஸ் அருங்காட்சியகத்தின் தரிப்பிடத்தில் 2017 இல் அதைக் காட்டினார்கள். அதே இடத்தில், மேற்பார்வைக்கு மனிதர் இன்றி இயங்க 2019 ஜூலையில் அனுமதி கிடைத்தது. 2021 இல் ஜேர்மனி தன்னியக்கச் செலுத்தலுக்கான சட்டத்தை நிறைவேற்றிய பின்னர், 2022 நவம்பரில் ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தில் அப்கோவா நிறுவனம் நடத்தும் பி6 தரிப்பிடத்தில் வர்த்தக ரீதியாக இயக்க அனுமதி வழங்கப்பட்டது. எஸ் வகுப்பு, ஈ.கியூ.எஸ். ஆகிய மாதிரிகளில், அதற்கான வசதியும் செயலிச் சேவையும் உள்ள வாகனங்களுக்கு மட்டுமே அந்த அனுமதி பொருந்தியது.

அந்தத் தரிப்பிடத்தில் "கண்" கட்டடத்தினுடையது. கட்டடத்தில் பொருத்திய கமராக்கள் பாதையைப் பார்க்கின்றன. கட்டடத்தின் கணினி வழியைத் தீர்மானிக்கிறது. வாகனம் அதைப் பின்பற்றுகிறது. வாகனமே தன் உணரிகளால் பார்த்து ஓடுவது இன்னொரு வகை. வாகனமும் கட்டடமும் வேலையைப் பகிர்ந்துகொள்வது மூன்றாவது வகை. 2023 இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 23374-1 தரநிலை, பயனரின் பக்கம், வாகனத்தின் பக்கம், நடத்துநரின் பக்கம் ஆகியவற்றைத் தனித்தனித் துணைத் தொகுதிகளாகப் பிரித்து, அவற்றுக்கிடையே என்ன பேச வேண்டும் என்பதை வகுக்கிறது. எந்தப் பணி யாரிடம் இருக்கிறது என்பது வகைக்கு வகை மாறுவதால், "உண்மை எங்கே இருக்கிறது" என்ற கேள்விக்கு எல்லா வகைக்கும் பொதுவான ஒரே விடை இல்லை.

வாகனத்தோடு பேசவே தேவையில்லாத வழியும் உண்டு. பிரான்ஸின் லியோன் விமான நிலையத்தில் ஸ்டான்லி ரொபோட்டிக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்கள் வாகனத்தைச் சக்கரத்தோடு தூக்கிச் சென்று தரித்து வைத்தன. பழைய வாகனத்துக்கும் அது பொருந்தும் என்பதால் அந்த வழியில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

வவுனியா நிலைய அதிபர் (ஓய்வு) எழுதியது:

எனக்கு மென்பொருள் தெரியாது. ஆனால் தம்பியின் கேள்வி எனக்கு மிகவும் பழக்கமான கேள்வி. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு நிலையங்களுக்கு இடையே எந்த நேரத்திலும் ஒரு புகையிரதம் மட்டுமே இருக்க வேண்டும். அதற்காக டேப்லட் கருவி என்று ஒன்று வைத்திருந்தோம். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலையத்தில் உள்ளவர் தன் கருவியை இயக்கிச் சம்மதம் தந்தால் மட்டுமே இங்கே ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அது வெளியே வந்த பின், அதை இரு கருவிகளில் ஏதாவதொன்றில் திரும்பப் போடும் வரை இன்னொரு தகட்டை எந்தப் பக்கத்திலும் எடுக்க முடியாது. தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை நகர்த்தமாட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, "வண்டி எங்கே நிற்கிறது" என்று இரு நிலையங்களும் ஒரே கருத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் ஒருபோதும் நம்பியிருக்கவில்லை என்பதே. தகடு யாரிடம் இருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. உங்கள் மூன்று தரப்புகளும் வாகனம் நிற்கும் இடத்தைப் பற்றி வேறு வேறு சொல்வது பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நகர்த்தும் அதிகாரம் ஒரே நேரத்தில் இருவரிடம் இருக்க முடியுமா என்பதுதான் ஆபத்து.

கரைச்சி நிரலாளன் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. எங்கள் விவாதம் முழுவதும் இடத்தையும் நிலையையும் பற்றியதாக இருந்தது; அதிகாரத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னபடி பார்த்தால் ஒப்படைப்பு ஒரே செய்தியில் முடியக்கூடிய விடயம் அன்று. உரிமையாளர் இறங்கிவிட்டார், கதவுகளும் பின்மூடியும் மூடியுள்ளன, உள்ளே எவரும் இல்லை, தரிப்புத் தடுப்பு இயங்குகிறது என்று வாகனம் உறுதிப்படுத்த வேண்டும். உரிமையாளர் செயலியில் ஒப்புதல் தர வேண்டும். உற்பத்தியாளர் அந்த வாகனத்துக்கு அந்தக் கட்டடம் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். தரிப்பிடம் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். இவை யாவும் முடிந்த பிறகே அதிகாரம் கைமாற வேண்டும். இடையில் எது அறுந்தாலும் அது பழைய கையிலேயே, அதாவது உரிமையாளரிடமே இருக்க வேண்டும்.

இரட்டைக் கோரிக்கைக்கும் இதிலேயே தீர்வு இருக்கிறது. செயலி ஒவ்வொரு கோரிக்கைக்கும் தானே ஒரு தனி அடையாள எண் இட்டு, மறுபடி அனுப்பும்போதும் அதே எண்ணை வைத்தால், தரிப்பிடம் இரண்டாவதற்கு முதலாவதன் பதிலையே திருப்பிக் கொடுக்கும். புதிய பயணத்தைத் தொடங்காது.

பம்பைமடு எழுதியது:

நான் செயலிகளின் பாதுகாப்பைச் சோதிப்பவள். அதிகாரத்தைத் தனியே பிரிப்பது சரிதான். அந்த அதிகாரத்தை யார் வேண்டுமானாலும் போலியாக உருவாக்க முடிந்தால் பிரித்ததில் பயன் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2016 பெப்ரவரியில் நிசான் லீஃப் என்ற மின்சார வாகனத்தின் செயலியில் கண்டறியப்பட்ட குறைபாடு எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஒன்று. செயலிக்குப் பின்னால் இருந்த சேவை, கேட்பவர் யார் என்பதைப் பார்க்கவே இல்லை. வாகன அடையாள எண்ணைச் சொன்னால் போதும், பற்றரியின் அளவையும் பயணப் பதிவுகளையும் காட்டியது, குளிரூட்டியை இயக்கியது. அந்த எண் முன்கண்ணாடி வழியாகவே தெரியக்கூடியது. நிறுவனம் சேவையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக ஜீப் ஒன்றின் கட்டுப்பாட்டைத் தூரத்திலிருந்தே கைப்பற்றிக் காட்டியதையடுத்து அமெரிக்காவில் சுமார் 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன.

தரிப்பிடத்தின் நுழைவாயிலில் கமரா இலக்கத் தகட்டை வாசிப்பது எந்த முன்பதிவைத் திறப்பது என்று அறிவதற்கு மட்டுமே உதவ வேண்டும். நகர்த்தும் அதிகாரம் உற்பத்தியாளரின் கையொப்பத்துடன் வர வேண்டும்; குறிப்பிட்ட வாகனம், குறிப்பிட்ட கட்டடம், குறிப்பிட்ட ஒப்படைப்பு, குறிப்பிட்ட கால எல்லை ஆகிய நான்கோடும் அது பிணைக்கப்பட்டிருக்க வேண்டும்; வாகனமே அதைச் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகு உற்பத்தியாளரின் சேவருக்குச் செலுத்தலில் எந்தப் பங்கும் இருக்கக்கூடாது. அது அறிமுகம் செய்து வைக்கலாம், சுக்கானைத் தொடக்கூடாது.

கரைச்சி நிரலாளன் எழுதியது:

அக்கா, கடைசி வரியை முழுமையாக ஏற்கிறேன். அதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. இங்கிருந்து ஜேர்மனியின் பிராங்க்பர்ட் நேர்க்கோட்டில் சுமார் 8,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் செல்கிறது. ஆகவே வேறு தாமதமே இல்லையென்றாலும் போய்வர 80 மில்லிநொடி ஆகும். உண்மையில் கடலடிக் கம்பிகளின் சுற்றுவழியாலும் இடைப்பட்ட கருவிகளாலும் அது மேலும் கூடும். ஐரோப்பாவுக்குள்ளேயே தூரம் குறைவு என்றாலும், கைத்தொலைபேசி வலையமைப்பு சில வேளைகளில் அரை நொடியைத் தின்றுவிடும். மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்த அரை நொடியில் 80 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். ஒரு குழந்தை தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வர அந்தத் தூரம் போதும்.

ஆகவே வாகனமும் கட்டடமும் உள்ளூர்க் கம்பியில்லா இணைப்பில் நேராகப் பேச வேண்டும். கட்டடம் "இவ்வளவு தூரம் வரை போகலாம்" என்ற அனுமதியைச் சிறு சிறு துண்டுகளாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நேர முத்திரை இருக்க வேண்டும். பழையதாகிவிட்டதை வாகனம் தள்ளிவிட வேண்டும். புதிய அனுமதி வராவிட்டால் நின்றுவிட வேண்டும். நிற்பதற்கு எவருடைய கட்டளையும் தேவைப்படக்கூடாது.

குருமன்காடு மின்வேலை எழுதியது:

எல்லோரும் வாகனம் விழித்திருக்கும்போது நடப்பதைப் பேசுகிறீர்கள். நான் வவுனியாவில் வாகன மின்வேலை செய்பவன் என்பதால், அது உறங்கும்போது நடப்பதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போய்ப் பல நாட்கள் கழித்துத் திரும்பியவர்கள் காலையிலேயே அழைப்பார்கள். கலப்பின வாகனம், பெரிய பற்றரியில் மின் இருக்கும். ஆனால் சிறிய 12 வோல்ட் பற்றரி இறங்கியிருக்கும். கணினிகளை எழுப்பி, பெரிய பற்றரியை இணைக்கும் ஆளியை மூடுவதற்கான மின் அந்தச் சிறியதிலிருந்தே வர வேண்டும். அது இல்லாவிட்டால் வாகனம் அசையாது. ஜம்பர் வயர் போட்டு எழுப்ப வேண்டும். முழு மின்சார வாகனங்களுக்கும் இதே கதைதான்.

இணையத்தோடு பேசும் பெட்டி விழித்திருந்தால் இந்தச் சிறிய பற்றரியைத்தான் தின்னும். அதனால் பல வாகனங்கள் சில நாட்கள் கழிந்ததும் அந்தப் பெட்டியை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பிவிடுகின்றன. விமான நிலையத்தில் பத்து நாட்கள் விட்டுச் சென்றவர் இறங்கியதும் செயலியை அழுத்துவார். நிலத்தடித் தளத்தில் கைத்தொலைபேசி அலையே வராது. பெட்டி உறங்குகிறது. உங்கள் அதிகாரமும் கையொப்பமும் சரியாகத்தான் இருக்கும். கேட்பதற்கு ஆள் இருக்காது. தரித்து நிற்கும் முன்பே சிறிய பற்றரியின் அளவை வாகனம் சொல்ல வேண்டும். உரிமையாளர் திரும்பும் நாளையும் கேட்டு வைத்து, அந்த நேரத்துக்குத் தானே விழிக்கும்படி வாகனத்தில் குறித்துவிட வேண்டும். அதற்கு முன் வந்து கேட்டால் கட்டடத்துக்குள்ளிருந்தே எழுப்பும் வழியும் வேண்டும்.

இன்னொன்று. இங்கே ஓடுபவற்றில் பல ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வாகனங்கள். அவற்றின் இணையச் சேவை ஜப்பானின் வலையமைப்பையும் ஜப்பானியக் கணக்கையும் நம்பியது. நம் துறைமுகத்தில் இறங்கும்போதே அது இறந்துவிட்டது. பிரித்தானியாவிலும் 2024 இல் பழைய லீஃப்களுக்கான செயலிச் சேவையை நிறுத்திவிட்டார்கள்; வாகனங்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. வாகனத்தின் ஆயுளுக்கு முன் சேவையின் ஆயுள் முடிந்தால், அந்தத் தரிப்பிடத்தை நம்பி வாங்கியவர் என்ன செய்வார்?

நெக்கார்க்கரை எழுதியது:

மின்வேலை அண்ணா எழுதிய முதற்பகுதி மிகவும் பெறுமதியானது; இங்குள்ள பல வடிவமைப்பு ஆவணங்களில் அதற்கு ஒரு வரிதான் இருக்கும்.

பம்பைமடு அக்காவோடு ஓரிடத்தில் உடன்பட முடியவில்லை. ஒப்படைக்கும்போது கொடுத்த அதிகாரமே திருப்பி எடுக்கும்போதும் போதும் என்று கொண்டால், இடைப்பட்ட நாட்களில் அந்த மாதிரியின் தடுப்பு மென்பொருளில் குறை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வது? உற்பத்தியாளருக்கு எந்த நேரத்திலும் அனுமதியை மீளப்பெறும் உரிமை வேண்டும். ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் முன் அவரிடம் கேட்க வேண்டும்.

பம்பைமடு எழுதியது:

அப்படியானால் உற்பத்தியாளரின் சேவர் ஓர் இரவு விழுந்தால் கட்டடத்தில் உள்ள அத்தனை வாகனங்களும் சிறைப்படும். குழந்தையோடு நள்ளிரவில் வந்திறங்கியவருக்கு நாம் என்ன சொல்வோம்? மீளப்பெறும் உரிமையை நான் மறுக்கவில்லை. மீளப்பெற்ற செய்தி வந்து சேர்ந்தால் தரிப்பிடம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். எந்தச் செய்தியும் வராததை மறுப்பாகக் கொள்ளக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது மீளப்பெற்றால் நடுப்பாதையில் நிறுத்தி மற்றவர்களின் வழியை அடைக்காமல், அடுத்த பாதுகாப்பான இடம் வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தடுப்பே பழுது என்ற ஐயம் இருந்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிற்கட்டும்.

நெக்கார்க்கரை எழுதியது:

செய்தி வராமையை எத்தனை மணி நேரம் சம்மதமாகக் கொள்ளலாம் என்பதற்கு எல்லை இருந்தால் ஏற்கிறேன். எல்லையற்று விடுவதை என்னால் ஏற்க முடியாது.

வற்றாப்பளைத் தொண்டர் எழுதியது:

கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் வாகன ஒழுங்கு பார்க்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். மடுத் திருவிழாவில் பார்ப்பவர்களும் இதையே சொல்வார்கள்: வாகனங்கள் பகல் முழுவதும் சிறிது சிறிதாக வரும்; பூசை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள். உங்கள் விமான நிலையத்திலும் பெரிய விமானம் ஒன்று இறங்கினால் அப்படித்தானே இருக்கும்? வாசலில் வாகனத்தைக் கையளிக்க எத்தனை இடங்கள் உள்ளன?

கரைச்சி நிரலாளன் எழுதியது:

ஐயா, நாங்கள் சோதிக்கும் மாதிரியில் நான்கு இடங்கள். ஒருவர் பெட்டிகளை ஏற்றி, பிள்ளைகளை அமர்த்திப் புறப்பட மூன்று நிமிடங்கள் என்று வைத்தால், ஓரிடத்தில் மணிக்கு 20, நான்கிலும் 80 வாகனங்கள். நூறு பேர் ஒன்றாகக் கேட்டால் கடைசியாக நிற்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். உள்ளே வாகனங்கள் எவ்வளவு விரைவாக ஓடினாலும் இந்தக் கணக்கு மாறாது. உரிமையாளர் இன்னும் பெட்டிக்காகக் காத்திருக்கும்போதே அவருடைய வாகனம் வந்து வாசலில் நின்றுவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும்.

இணைக்கப்பட்ட சேவை இங்கேதான் பயன்படுகிறது என்பது என் எண்ணம். உரிமையாளர் வாசலை நெருங்கிவிட்டாரா என்பதைச் செயலி, அவருடைய சம்மதத்தோடு, அந்த ஒரு தேவைக்கு மட்டும் சொல்லலாம். கேட்ட வரிசையில் அன்றி, வந்து சேரும் வரிசையில் வாகனங்களைக் கொண்டு வரலாம். செயலி காட்டும் காத்திருப்பு நேரம் கையளிக்கும் இடங்களின் கணக்கிலிருந்து வர வேண்டும். வாகனம் ஓடிவரும் நேரத்தை மட்டும் காட்டினால் அது மக்களை ஏமாற்றுவதாகும். இருப்பிடத் தகவல் கையளிப்பு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எதிர்பார்க்கிறது. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

மாங்குளம் சந்தி எழுதியது:

எல்லாம் நல்ல விளக்கங்கள். ஆனால் ஏ9 வீதியில் மரநிழல் பார்த்து வாகனம் நிறுத்தும் நமக்கு இதனால் என்ன பயன்? 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது.

நெக்கார்க்கரை எழுதியது:

வன்னியில் நாளையே இப்படியொரு கட்டடம் எழும் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் இதே நுட்பம் தரிப்பிடத்துக்கு வெளியேயும் வந்துவிட்டது. பி.எம்.டபிள்யூ. தன் டிங்கோல்ஃபிங் ஆலையில் 2022 முதல், புதிதாகக் கட்டிய வாகனங்களைக் கட்டடத்தின் உணரிகளைக் கொண்டே ஓட்டுநரின்றி நகர்த்தி வருகிறது. வேறு நாடுகளுக்குப் போகும் வாகனங்களைக் கப்பலிலிருந்து இறக்கி மீண்டும் ஏற்றும் வேலை அம்பாந்தோட்டையில் நடக்கிறது. அத்தகைய துறைமுக முற்றம் இதற்கு மிகவும் பொருத்தமான இடம். அறிவியல்நகரில் பொறியியல் பீடமும், பம்பைமடுவில் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இதை எழுதக்கூடிய பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள். ஒருவர் இந்த இழையையே தொடங்கியிருக்கிறார்.

கரைச்சி நிரலாளன் எழுதியது:

நாளைய கூட்டத்தில் முன்வைக்கப் போவதை எழுதிவிடுகிறேன். வாகனம் நிற்கும் இடம் பற்றிய பதிவை ஒவ்வொருவரும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். முரண்பட்டால் கட்டடத்தின் சொல்லே நிற்கும், ஏனெனில் பார்ப்பது கட்டடம். நகர்த்தும் அதிகாரம் ஒன்றே ஒன்று. அதை வாகனம் தன்னிடமே சரிபார்த்து வைத்திருக்கும். உற்பத்தியாளரின் மௌனத்துக்கு எவ்வளவு கால எல்லை என்பதைக் கூட்டத்தில் கேட்டு இங்கே எழுதுகிறேன். எனக்கு இன்னும் விளங்காத ஒன்று இருக்கிறது. அதிகாரத்தை வைத்திருக்கும் வாகனமே பழுதாகி, எவருக்கும் பதில் சொல்லாமல் பாதையில் நின்றுவிட்டால், அந்த அதிகாரத்தை எப்படி விடுவிப்பது? சேவரிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தி விடுவிக்கலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள்.

வவுனியா நிலைய அதிபர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, அந்தப் பொத்தானை வைக்க வேண்டாம். கருவி பழுதானால் நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். இரு நிலையங்களும் தொலைபேசியில் பேசி, கடைசியாகப் போன வண்டி முழுமையாக வந்து சேர்ந்துவிட்டதா என்பதை ஒருவர் தம் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, இரு பதிவேடுகளிலும் நேரத்தோடு எழுதிய பின்னர்தான், கையெழுத்திட்ட தாளை அனுமதியாகச் சாரதியிடம் கொடுப்போம். உங்கள் கட்டடத்திலும் ஒரு பணியாளர் அந்த வாகனத்தின் அருகே நடந்து போய், அது அசையாது என்று பார்த்து, சக்கரத்துக்கு அடை வைத்து, அந்த இடத்திலிருந்தே உறுதிப்படுத்த வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் இரண்டாவதாக ஒப்புதல் தர வேண்டும். இருவரின் பெயரும் நேரமும் பதிவில் இருக்க வேண்டும். அதுவரை அந்தப் பாதையில் வேறு எந்த வாகனத்துக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.